நாற்பத்து மூன்றுக்குப் பெயர் மீதி அல்ல

பெரிய மருத்துவமனைகளுக்கு முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று உண்டு. முன்பக்கத்தில் கண்ணாடிக் கதவும் பூந்தொட்டியும். பின்பக்கத்தில் பிணவறை, சமையலறை, இரண்டுக்கும் நடுவே சலவைக்கூடம். நம் கதை பின்பக்கத்தில் நடக்கிறது. முன்பக்கத்தைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

சலவைக்கூடத்துக்குள் ஒரு கதவு வழியாக அழுக்கு விரிப்புகள் போகும். கொதிநீரில் வெந்து, பிழிபட்டு, காய்ந்து, சூட்டு உருளையில் நசுங்கி, இன்னொரு கதவு வழியாக மடிப்பு மேசைக்கு வந்து சேரும். மேசையைச் சுற்றி ஐந்து பெண்கள். பத்து விரிப்பு மடித்தால் ஒரு கட்டு. அதை நாடாவால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி முடிச்சுப் போடவேண்டும். பத்துக் கட்டு சேர்ந்தால் ஒரு தள்ளுவண்டி நிறையும். வண்டிகள் போகவேண்டிய வார்டுகள் ஏழு.

போட்ட முடிச்சை வார்டு வாசல் போய்ச் சேரும்வரை யாரும் அவிழ்க்கக்கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். எப்போதோ எவனோ கட்டுக்கு ஒன்றாக உருவிக்கொண்டு போய்விட்டானாம். அவன் போய்ச் சேர்ந்தே பல வருஷம் ஆகியிருக்கும். சட்டம் மட்டும் சாகவில்லை. அதைக் காப்பாற்றி வந்தவர் துணிக்கிடங்கின் பொறுப்பாளர் அம்மாள். இடுப்பில் சாவிகள் குலுங்க நடப்பவர் என்பதால் மடிப்பு மேசைப் பெண்கள் அவருக்குக் கொத்துச்சாவி என்று பேர் வைத்திருந்தார்கள். அவர் எதிரில் மேடம், முதுகுக்குப் பின்னால் கொத்துச்சாவி.

காலையில் கொத்துச்சாவி விரிப்புகளைக் கட்டுக்கட்டாக எண்ணுவார். எழுநூற்றுச் சொச்சம் இருக்கும். ஏழு வண்டி நிறைத்து வார்டுக்கு ஒன்றாக அனுப்புவார். மேசைமேல் மூன்றோ நாலோ கட்டும், கொஞ்சம் உதிரியும் தங்கும். நாலு கட்டை ஏழு வார்டுக்கு எப்படிப் பங்கு போடுவது? சுவரில் மாட்டிய கரும்பலகையில் "மீதி - முதல் வார்டு" என்று எழுதி, அத்தனையையும் அங்கே அனுப்பிவிடுவார். கைத்தூசியைத் தட்டினால் அன்றைய கணக்கு முடிந்தது.

எல்லா வார்டிலும் கட்டில்கள் ஐம்பத்து மூன்று. கட்டிலுக்கு விரிக்க ஒன்று, போர்த்த ஒன்று. நூறு விரிப்பு ஐம்பது கட்டிலோடு தீர்ந்துபோகும். கழிப்பறைக் கதவை ஒட்டிய கடைசி மூன்று கட்டில்களில் ரெக்சின் மெத்தைதான். வியர்த்தால் முதுகு அதில் ஒட்டிக்கொள்ளும், புரண்டால் பிய்த்துக்கொண்டு வரும். முதல் வார்டில் மட்டும் அந்தக் கஷ்டம் இல்லை. அங்கே கதவு வைத்த அறைகள், சிபாரிசோடு வந்தவர்கள். அவர்களில் பெரிய சிபாரிசுக்காரர்களுக்கு ஒரு நாளைக்கு இரண்டு தடவை விரிப்பு மாற்றுவார்கள். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று சும்மாவா சொன்னார்கள்.

மடிப்புக்காரிக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. மேசையில் இருந்த ஐந்து பேரில் கை வேகமானவள் அவள்தான். பல வருஷமாக அந்தக் கட்டுகளைக் கட்டியவளும் அவள்தான். தெரிந்துகொண்டே மடித்தாள், தெரிந்துகொண்டே முடிச்சுப் போட்டாள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். அவளுக்குத் தலைவலி நாத்தனார் உருவத்தில் வந்தது.

நாத்தனார் பேருந்து நிலையத்தில் டிக்கெட் முன்பதிவு செய்பவள். பத்தாவது பாஸ் செய்தவள். அதைச் சொல்லாமல் அவளால் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க முடியாது. அண்ணி நாலாவதோடு நின்றவள் என்பதையும் சேர்த்துத்தான் சொல்லுவாள். பித்தப்பையில் கல் என்று வயிற்றைக் கிழித்தார்கள். கல்லை எடுத்தவர்கள் நாக்கைத் தொடவில்லை. கிடைத்த இடம் ஏழாம் வார்டு, கடைசிக் கட்டில்.

"உங்க கையில தினம் எழுநூறு பெட்ஷீட் புரளுது அண்ணி," என்றாள் நாத்தனார். "எனக்கு ஒண்ணு வரல. நான் உங்க வீட்டு ஆளுன்னு அங்க யார்கிட்டயாவது சொல்லிட்டீங்களா?"

"சொல்லியிருந்தா மெத்தையையும் எடுத்திருப்பாங்க."

வீட்டிலிருந்து துணி கொண்டுவர அனுமதியில்லை, தொற்று வருமாம். நாத்தனார் குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணே ஒண்ணு. புடவைக்குள்ள சுருட்டிக்கிட்டு வந்தா யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும். இந்த ரெண்டு கட்டில்ல படுத்திருக்கிறவங்களுக்கும் தெரியும். உனக்கு மட்டும் உருவிக்கிட்டு வந்தா நான் திருடி. மூணு பேருக்கும் வந்தா அது உங்க பங்கு."

"அப்போ பங்கைக் கேட்டு வாங்குங்க," என்றாள் நாத்தனார், முதுகை ரெக்சினிலிருந்து உரித்துக்கொண்டே.

மறுநாள் கேட்டாள். கொத்துச்சாவி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நேத்து மிஞ்சினது மூணு கட்டும் எட்டு உதிரியும். மூணு கட்டு, ஏழு வார்டு. யாருக்குக் குடுப்ப, யாருக்கு இல்லன்னுவ? நாலு வார்டு என்கிட்ட சண்டைக்கு வரும். அதான் ஒரே இடத்துக்கு அனுப்பறேன். பங்கு பிரியாதும்மா."

"பிரியும்னு தோணுது மேடம்."

"தோணறதெல்லாம் கணக்கு ஆகாது. வகுக்கத் தெரிஞ்சா வந்து பேசு. தெரியலன்னா மடி."

மடிப்புக்காரிக்கு வகுக்கத் தெரியாது என்பது உண்மை. நாலாம் வகுப்பில் டீச்சர் வகுத்தல் சொல்லிக்கொடுத்தபோது "எதுக்கு டீச்சர் அந்த எண்ணைக் கீழ இறக்கணும்?" என்று கேட்டாள். இறக்கு என்றால் இறக்கு என்றார் டீச்சர். காரணம் சொன்னால்தான் இறக்குவேன் என்றாள். பெஞ்சுமேல் நிற்க வைத்தார்கள். ஒரு வாரம் நின்று பார்த்துவிட்டு வீட்டோடு நின்றுகொண்டாள். பிடிவாதத்துக்குப் படிப்பைக் காவு கொடுத்தவள் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். அவள் அதை மறுத்ததே கிடையாது. ஆனால் அன்றைக்குக் கோபம் வந்தது. தெரியாததை வைத்து வாயை அடைக்கிறார்களே என்று மதியம்வரை ஆறவில்லை.

பார்வை நேரத்தில் நேராக ஏழாம் வார்டுக்குப் போனாள். காலி மருந்துப் பெட்டியைப் பிரித்து அட்டையை நாத்தனாரின் முன்னால் போட்டாள். பென்சிலையும் வைத்தாள்.

"எனக்கு வகுத்தல் சொல்லிக்குடு."

நாத்தனாரின் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். கரும்பு தின்னக் கூலியா? தலையணையைச் சாய்த்து நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள். "எந்தக் கணக்கு?"

"நேத்து வந்தது. எழுநூத்தி முப்பத்தெட்டு. ஏழு வார்டுக்கு."

நாத்தனார் எழுதினாள், எழுதிக்கொண்டே ராகம் போட்டாள். "ஏழுல ஏழு ஒரு தடவை. ஒண்ணை மேல எழுது. கழிச்சா சைபர். மூணை இறக்கு. மூணுல ஏழு போகாது. மேல சைபர். எட்டை இறக்கு, முப்பத்தெட்டு. ஐயேழு முப்பத்தஞ்சு. மேல அஞ்சு. கழிச்சா மூணு. ஈவு நூத்தி அஞ்சு, மீதி மூணு. அவ்வளவுதான். நாலாவதுக் கணக்கு இது."

"குடு, நான் போடறேன்."

போட்டாள். மேலே பதினைந்து என்று வந்தது. நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"சிரிக்க வைக்காதீங்க அண்ணி, தையல் பிரிஞ்சிடும். வார்டுக்குப் பதினஞ்சா? மிச்சத்தை எல்லாம் யார் போர்த்திக்கறது?"

"போகாதுன்னு சொன்னியே. போகலன்னா விட்டுட வேண்டியதுதான? இல்லாததை எதுக்கு எழுதணும்?"

"சைபர் போடணும். அப்படித்தான்."

"அப்படித்தான்னு சொன்னதுக்குத்தான் நான் பள்ளிக்கூடத்தையே விட்டேன். எனக்கு நீ ஒண்ணு சொல்லு. அந்த மூணு இருக்கே, அது என்ன மூணு?"

"மூணுன்னா மூணு."

"மூணு பெட்ஷீட்டா?"

நாத்தனார் அட்டையைப் பார்த்தாள். "இல்ல. எட்டுக்கு முன்னால நிக்குது. அப்போ முப்பது."

"முப்பதுன்னா மூணு கட்டு. முன்னால நிக்கிற ஏழு, ஏழு வண்டி. கடைசி எட்டு, உதிரி." மடிப்புக்காரி பென்சிலால் ஒவ்வொன்றாகத் தட்டினாள். "ஏழு வண்டி, வார்டுக்கு ஒரு வண்டி. சரி. மூணு கட்டை ஏழு வார்டுக்குக் கட்டாவே குடுக்க முடியாது. கொத்துச்சாவி சொல்றதும் இதத்தான். அதுவரைக்கும் அவங்க சொல்றதுல தப்பில்ல. அதுக்கப்புறம் நீ எட்டை இறக்கின. மூணும் எட்டும் சேந்து முப்பத்தெட்டு ஆச்சு. மூணு கட்டும் எட்டு உதிரியும் எப்படிச் சேரும்? கட்டு வேற, உதிரி வேற."

நாத்தனார் வாயைத் திறந்தாள், மூடினாள். அவள் பிறந்த நாளிலிருந்து அப்படி ஒன்று நடந்ததை அவள் அண்ணனே பார்த்ததில்லை.

"கட்டைப் பிரிச்சாத்தான் சேரும்," என்றாள் மடிப்புக்காரி மெதுவாக. "இறக்கறதுன்னா முடிச்சை அவுக்கறது. மூணு கட்டையும் அவுத்து உதிரியோட கொட்டினா முப்பத்தெட்டு. அதுல வார்டுக்கு அஞ்சு அஞ்சா போகும். ஒரு வண்டி, கட்டு இல்ல, அஞ்சு உதிரி. கட்டு இல்லன்னு சொல்லத்தான் அந்த சைபர். அத எழுதாம விட்டா முழு வண்டி ஒரு கட்டுன்னு ஆயிடும்."

அடக்க முடியாத சந்தோஷம் வந்தது அவளுக்கு. பெஞ்சுமேல் நின்ற அத்தனை நாளுக்கும் இன்றைக்குத்தான் பதில் கிடைத்தது. காரணம் இருந்திருக்கிறது. கேட்டது தப்பில்லை. கண் கலங்கியதை மறைக்க அட்டையை முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"நான் பத்தாவது பாஸ்," என்றாள் நாத்தனார், கொஞ்சம் கடுப்போடு. "எனக்கு இத யாரும் சொல்லல." பிறகு பென்சிலைப் பிடுங்கி, அட்டையின் அடியில் இருந்த மூன்றைச் சுற்றி வட்டம் போட்டாள். "உங்களுக்குத் தெரியாதது ஒண்ணு நான் சொல்றேன். மீதி எப்பவும் வகுக்கிற எண்ணை விடக் குறைச்சலா இருக்கணும். ஏழால வகுத்தா மீதி ஆறுக்கு மேல வரக்கூடாது. வந்தா டீச்சர் சிவப்பு மையில சுழிப்பாங்க. கணக்கை முடிக்காம எந்திரிச்சுட்டேன்னு அர்த்தம்."

"அப்போ அவங்க போர்டுல எழுதறது?"

"பாதிக் கணக்கு," என்றாள் நாத்தனார். "நாளைக்குப் போய்ச் சுழிங்க."

மறுநாள் வந்தது எழுநூற்று நாற்பத்து மூன்று. ஏழு வண்டியும் நிறைந்து வரிசையில் நின்றன. மேசைமேல் நாலு கட்டு, மூன்று உதிரி. கொத்துச்சாவி சுண்ணக்கட்டியை எடுத்து, "மீதி 43 - முதல் வார்டு" என்று எழுதிவிட்டுத் திரும்பினார். மடிப்புக்காரி போய் அந்த வரியை உள்ளங்கையால் அழித்தாள்.

மேசையைச் சுற்றி நாலு ஜோடிக் கைகள் அப்படியே நின்றன.

"என்ன பண்ற?"

"வகுக்கத் தெரிஞ்சா வந்து பேசுன்னீங்க மேடம். வந்திருக்கேன். நாப்பத்து மூணுக்குப் பேரு மீதி இல்ல. ஏழு வார்டுக்குப் பங்கு போடறப்போ ஏழோ அதுக்கு மேலயோ மிஞ்சினா, பங்கு இன்னும் முடியலன்னு அர்த்தம். இதுல வார்டுக்கு ஆறு இருக்கு. ஆறு பெட்ஷீட்டுன்னா மூணு கட்டில். கடைசி மூணு கட்டில்."

"நாலு கட்டும்மா. ஏழு வார்டு."

"கட்டா குடுத்தா போகாது. பிரிச்சா போகும்."

"கட்டைப் பிரிக்கக்கூடாதுன்னு தெரியுமா தெரியாதா?" கொத்துச்சாவியின் குரல் ஏறியது. "இன்னைக்கு நீ அவுப்ப, நாளைக்கு இன்னொருத்தி அவுப்பா. எதுல எத்தனை இருக்குன்னு நான் எப்படி நம்பறது? ஒண்ணு காணாம போனா யாரு பதில் சொல்றது? நானா, நீயா?"

அதுவும் நியாயமான கேள்விதான். முன்பொரு தடவை காணாமல் போனதற்கு அவரைத்தான் மேலிடத்தில் நிற்கவைத்துக் கேட்டார்கள். அந்த அவமானத்துக்குத்தான் இடுப்பில் அத்தனை சாவி. ஆனால் ஒருவருடைய பயத்துக்காக ஆறு வார்டுகள் ரெக்சினில் ஒட்டிக்கொண்டு கிடக்க முடியாது என்று மடிப்புக்காரிக்குத் தோன்றியது. பரிதாபமும் வந்தது, கோபமும் வந்தது. கோபத்தைத்தான் அவள் வைத்துக்கொண்டாள்.

"நான்தான்," என்று சொல்லிவிட்டு முதல் கட்டின் முடிச்சைப் பிடித்து இழுத்தாள்.

அவள் போட்ட முடிச்சு. அவிழ்க்கத் தெரியாதா? இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. நாடாக்கள் தரையில் விழுந்தன. நாற்பதையும் மூன்றையும் ஒன்றாகக் குவித்தாள். முதல் வண்டியில் ஆறு எண்ணி வைத்தாள், அடுத்ததில் ஆறு. வாய்விட்டு எண்ணினாள், எல்லோருக்கும் கேட்கும்படி எண்ணினாள். மூன்றாவது வண்டிக்குப் போனபோது மேசையிலிருந்த மற்ற பெண்களும் அவளோடு சேர்ந்து எண்ண ஆரம்பித்தார்கள். கொத்துச்சாவி தடுக்க வந்தார், யாரும் எண்ணுவதை நிறுத்தவில்லை.

ஏழாவது வண்டியிலும் ஆறு விழுந்தது. மேசைமேல் ஒரே ஒரு விரிப்பு மிஞ்சியது.

கொத்துச்சாவிக்கு மூச்சு வந்தது. "பாத்தியா? உன் கணக்குலயும் மிஞ்சுதே. இப்போ இதை என்ன பண்ணுவ? கிழிச்சுக் குடுப்பியா?"

"இதுதான் மேடம் மீதி," என்றாள் மடிப்புக்காரி. "இதைத் தாராளமா முதல் வார்டுக்கு அனுப்புங்க. எனக்கு ஆட்சேபம் இல்ல."

யாரோ குபீரென்று சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புத்தான் வினையானது. கணக்கைக்கூட மன்னித்திருப்பார் கொத்துச்சாவி, சிரிப்பை மன்னிக்கவில்லை. நாளையிலிருந்து நீ கொதிநீர்ப் பக்கம் போ என்றார். அது சலவைக்கூடத்திலேயே மோசமான வேலை. ரத்தமும் சீழும் பட்டதைப் பிரித்துப் போட்டு, நாள் முழுக்க ஆவியில் நிற்கவேண்டும். மடிப்புக்காரி கெஞ்சவில்லை. சரி என்றாள். கீழே கிடந்த நாடாக்களைப் பொறுக்கி மேசைமேல் வைத்தாள். அன்றைய வண்டிகளை அவளே தள்ளிக்கொண்டு போனாள்.

ஏழாம் வார்டில் கடைசி மூன்று கட்டிலுக்கும் அவளே விரித்தாள். நாத்தனார் விரிப்பின்மேல் படுத்து, முதுகை இப்படியும் அப்படியும் தேய்த்துப் பார்த்துக்கொண்டாள்.

"மீதி எவ்வளவு?"

"ஒண்ணு."

"சரியா இருக்கு. என்ன சொன்னாங்க?"

"கொதிநீர்ப் பக்கம் போகச் சொல்லிட்டாங்க."

நாத்தனார் முதுகைத் தேய்ப்பதை நிறுத்தினாள். பிறகு, "வருத்தமா இருக்கா அண்ணி?" என்றாள். அந்த மாதிரிக் கேள்வி அவள் வாயிலிருந்து வருவது அதுதான் முதல் தடவை.

"இருக்கு. ஆனா நாளைக்கு அழிக்கறதுக்கு அங்க வேற யாரும் இல்லையேன்னுதான்."

அங்கேதான் அவள் கணக்குத் தப்பியது. மறுநாள் அவள் கொதிநீர்த் தொட்டியருகே ஆவியில் நின்றுகொண்டிருந்தபோது, மடிப்பு மேசையிலிருந்து கொத்துச்சாவியின் குரல் கேட்டது. ஏழு வண்டி நிறைந்த பிறகு மிச்சத்தை யாரும் கட்டவில்லையாம். ஏன் கட்டவில்லை என்று கேட்கிறார். மேசையில் எல்லோருக்கும் மூத்தவள், வருஷம் முழுக்க நாலு வார்த்தை பேசாதவள், பதில் சொன்னாள்.

"எதுக்கு மேடம் கட்டணும்? கட்டினா மறுபடி அவுக்கணும்."

நாடா தீர்ந்துவிட்டது என்றாள் இன்னொருத்தி. கை வலிக்கிறது என்றாள் மற்றொருத்தி. கொத்துச்சாவி மேலிடத்தில் சொல்லப்போவதாகச் சொன்னார். போய் என்னவென்று சொல்லுவார்? துணியை எல்லா வார்டுக்கும் கொடுத்துவிட்டார்கள் என்றா? கொஞ்ச நேரம் சாவி குலுங்கும் சத்தம் மட்டும் அங்கும் இங்கும் நடந்தது. அதன் பிறகு பெண்கள் வாய்விட்டு எண்ணுவது கேட்டது. மடிப்புக்காரி கையில் பிடித்திருந்த அழுக்குத் துணியோடு அப்படியே நின்று, ஏழாவது வண்டிவரை கேட்டாள்.

இரண்டு நாள் கழித்து நாத்தனாரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்குப் போன கையோடு, வகுத்தலை அண்ணிக்குத் தான்தான் சொல்லிக்கொடுத்ததாகத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். மடிப்புக்காரி மறுக்கவில்லை. பாதி உண்மைதானே.

ஆனால் மறுநாள் மதியம், சாப்பாட்டு நேரத்தில், ஈரப் புடவையோடு அவள் ஏழாம் வார்டுக்குப் போனாள். கடைசிக் கட்டிலில் முன்பின் தெரியாத ஒரு பெண் தூங்கிக்கொண்டிருந்தாள். அடியில் ஒன்று, மேலே ஒன்று. அடுத்ததும் அப்படி, அதற்கடுத்ததும் அப்படி. மேலே போர்த்தியது ஒரு காலிலிருந்து விலகியிருந்தது. இழுத்து மூடிவிட்டாள்.

வார்டு நர்ஸ் வந்தாள். "நீங்க யாரு? யாருக்குச் சொந்தம்?"

"யாருக்கும் இல்ல."

"அப்புறம் யாரைப் பாக்க வந்தீங்க?"

"பெட்ஷீட்டைப் பாக்க வந்தேன்," என்றாள் மடிப்புக்காரி. "நாளைக்கும் வருவேன்."